வலிக்கு எத்தனை மார்க்

என் குடலில் எந்தக் குறையும் இல்லை என்பதற்கு என்னிடம் எழுத்துபூர்வமான ஆதாரங்கள் இருக்கின்றன. ரத்தம், மலம், ஸ்கேன், மேலிருந்து ஒரு குழாய், கீழிருந்து ஒரு குழாய் என்று வைத்த எல்லாச் சோதனைகளிலும் அது முதல் வகுப்பில் தேறியது. ஆனாலும் தினமும் காலையில் ஏதாவது உள்ளே போன அரைமணி நேரத்தில், ஈரத்துணியை முறுக்குவதுபோல அடிவயிற்றை ஏதோ முறுக்கும். அதற்குப் பிறகு எனக்கு நான்கு நிமிட அவகாசம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் எந்த நகைக்கடையில் கழிவறை தரைத்தளத்தில் இருக்கிறது, எந்தப் பட்டுக்கடையில் மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு கிராம் தங்கம்கூட வாங்காமல் பத்து வருடமாக அந்தக் கடைகளுக்குப் போய்வருகிறேன்.

பீளமேட்டில் ஒரு மருத்துவமனையில் குடல்நோய் நிபுணர் என் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உங்க குடல் நல்லாத்தானுங்க சார் இருக்குது. அங்கிருந்து மூளைக்குத் தகவல் சொல்ற நரம்புதான் கொஞ்சம் அதிகமாப் பேசுது."

புரிந்தது. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். ஒன்றுமில்லாத விஷயத்தை 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு அனுப்பும் எழுத்தர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை இடமாற்றம் செய்யலாம். நரம்பை எங்கே மாற்றுவது?

அதற்குத்தான் ஒரு பரிசோதனை நடக்கிறது என்றார் அவர். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற மாத்திரை ஒன்று உண்டு. அது குடல் நரம்பின் வாயையும் அடைக்குமா என்று பன்னிரண்டு வாரம் பார்க்கப்போகிறார்கள். பங்கேற்பவர்களில் பாதிப்பேருக்கு மருந்து. மீதிப்பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.

பன்னிரண்டு வாரம் என்றதும் மனதுக்குள் நாட்காட்டியைப் புரட்டினேன். பதினோராவது வாரத்தில் உடுமலைப்பேட்டையில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, சடங்குகளெல்லாம் முடிந்ததும் அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன். உட்கார்ந்தால் குறைந்தது ஒரு மணி நேரம்.

இதே வேலையைத் தங்கையின் மூத்த பெண் கல்யாணத்திலும் எனக்குக் கொடுத்தார்கள். அந்த வீடியோவில் நான் இரண்டு இடங்களில் வருகிறேன். உட்காரும்போது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை. பட்டத்தை என் சித்தப்பா மகன் கட்டினான். தென்னந்தோப்புக்காரன். எட்டுப் பரோட்டா தின்றுவிட்டு அப்படியே பழனி பஸ்ஸில் ஏறக்கூடியவன்.

இந்தக் கல்யாணம் நிச்சயமான மறுநாளே தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, நல்லா இருக்கறீங்களா? வயிறு எப்படிங்க இருக்குது?"

"பரவால்ல அம்மணி."

"இல்லீங்க, சும்மா கேட்டனுங்க. கண்ணாலத்தன்னிக்கு உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருந்துச்சுன்னா... தோப்புச் சின்னண்ணனும் அங்கதானுங்க இருக்கும். அதுக்குச் சொன்னேன்."

எங்கள் பக்கத்தில் யாரையும் நாற்காலியை விட்டு எழுப்பமாட்டார்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போடுவார்கள். அவ்வளவுதான். இந்த முறை அந்தப் பலகையிலிருந்து எழுந்தால், என்னுடைய தாய்மாமன் பதவி நடைமுறையில் தோப்புக்காரனுக்குப் போய்விடும். வருத்தம்கூடத் தெரிவிக்கமாட்டார்கள். எல்லோரும் எனக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுப்பார்கள். பரிசோதனையில் சேர்ந்தேன்.

ஒப்புதல் படிவம் பதினெட்டுப் பக்கம். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நான் மூன்று மணி நேரம் படித்துத் திருத்தங்களுடன் திருப்பிக் கொடுத்தேன். குறிப்பாக மல வகைகளுக்கான படம். ஏழு வகை, ஏழு ஓவியம், கீழே வர்ணனை. இரண்டாம் வகையை 'கட்டிகள் நிறைந்த தொத்திறைச்சி போன்றது' என்று எழுதியிருந்தார்கள். தொத்திறைச்சி என்றால் சாசேஜாம்; நான் பார்த்ததே இல்லை. பார்க்காத பொருளோடு பார்த்த பொருளை எப்படி ஒப்பிடுவது? 'மரவள்ளிக்கிழங்கு' என்று மாற்றலாமென ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன். ஒருங்கிணைப்பாளராக இருந்தது கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். அதைப் படித்துவிட்டுப் படிவத்தை என் பக்கமே திருப்பி வைத்தது.

"ஐயா, படிவம் கமிட்டியில பாஸ் ஆனதுங்க. எழுத்தை மாத்தக் கூடாதுங்க."

"தப்பாவே பாஸ் ஆயிருந்தாலுமா, கண்ணு?"

"தப்பாப் பாஸ் ஆனாலும் பாஸ்தானுங்களே ஐயா."

நான் முப்பத்தொரு வருடம் மாணவர்களிடம் சொன்ன வாசகம் அது. கையெழுத்துப் போட்டேன்.

ரகசிய ஏற்பாட்டில் மட்டும் எனக்கு முழுத் திருப்தி. விடைத்தாளில் மாணவன் எண்ணைக் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போடுவோமே, அதே முறைதான். மாத்திரை டப்பாவில் ஓர் எண். அதற்கான பட்டியல் வேறு எங்கோ, சீல் வைத்த உறையில். டம்மி நம்பருக்குப் பின்னால் இருப்பது யார் என்று கேட்டு என்னிடம் வந்தவர்களில் எம்.எல்.ஏ. உண்டு, என் சொந்த மாமனார் உண்டு. ஒருவருக்கும் சொன்னதில்லை.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. சிறிய பலூன் ஒன்றைக் கீழ்வழியாக உள்ளே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றடித்து, எந்த அளவில் வலிக்கிறது என்று கேட்பார்கள். இடதுபுறமாகச் சாய்ந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பின்னால் ஒரு டெக்னீஷியன்.

"ஏனுங்க ஐயா, இப்ப வலிக்குதுங்களா?"

ஒரு மனிதர் இவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது, பின்புறத்தைக் காட்டிப் படுத்திருப்பவன் என்ன சொல்வான்? "பரவால்லீங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் அடித்தார்.

"இப்பங்க?"

"நீங்க பாருங்க, பரவால்லீங்க."

கண்ணில் நீர் வந்த பிறகுதான் என் மடத்தனம் உறைத்தது. "ஐயாவுக்குத் தாங்குசக்தி அதிகமுங்க" என்று அவர் எழுதிக்கொண்டார். என் குடல் வாழ்க்கையில் பெற்ற ஒரே தவறான நற்சான்று அது. திருத்தச் சொல்லி அன்றே விண்ணப்பம் கொடுத்தேன். மறுபடியும் பலூன் வைத்தால்தான் திருத்த முடியும் என்றார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன்.

அந்தப் பாடத்துக்குப் பிறகு, பரிசோதனைக்காகக் கொடுத்த நாட்குறிப்பில் நான் பொய் எழுதியதில்லை. வலிக்குத் தினமும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட வேண்டும். நான் 'ஆறரை' என்று எழுதினேன். அரை கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆறு என்றால் வலிக்கு அநியாயம், ஏழு என்றால் மருந்துக்கு அநியாயம் என்று விளக்கக் குறிப்பு இணைத்தேன்.

நான்காவது வாரச் சந்திப்பில் எனக்கு முன்னால் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். கோட்டைமேட்டில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். என் வயதுதான். காத்திருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை எழுந்து போய்வந்தார். கடைசி முறை முகம் வெளிறி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒருங்கிணைப்பாளர் பெண் டேப்லெட்டோடு வந்து, "வலி எத்தனைங்க பாய்?" என்று கேட்டது.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேனுங்க அம்மணி. ரெண்டு போட்டுக்கங்க."

அது சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பாய், ரெண்டா? இப்பச் செவுத்தப் புடிச்சுட்டு வந்தீங்களே!"

"எட்டு இருக்குமுங்க சார்."

"அப்ப எட்டுன்னு சொல்றதுக்கென்ன?"

"எப்படிங்க சொல்றது? அந்தப் புள்ள நாலு வாரமா நமக்காக ஓடிட்டுக் கெடக்குது. போன தடவ ஏழுன்னேனுங்க, அது மூஞ்சியே வாடிப்போச்சு. நம்ம வயிறு வலிக்கறது போதாதுன்னு அது மனசும் வலிக்கோணுமாங்க?"

கூடத்தில் இருந்த மற்றவர்களையும் விசாரித்தேன். ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான். டாக்டர் தங்கமானவர் என்று ஒருவர் இரண்டு எண் குறைத்திருந்தார். போன முறை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பி வைத்ததற்காக ஒரு அம்மாள் மூன்று குறைத்திருந்தார். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் இதையெல்லாம் கூட்டி, மாவு சாப்பிட்டவர்களும் மருந்து சாப்பிட்டவர்களும் ஒன்றுபோல் குணமானார்கள் என்று முடிவு கட்டுவார்கள். கருணை மதிப்பெண்ணால் ஒரு பாடமே அழிவதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றே மூன்று பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பொருள்: பங்கேற்பாளர்கள் மரியாதை நிமித்தம் வலியைக் குறைத்துக் காட்டுதல் தொடர்பாக. அதன்மீது நடவடிக்கை எடுத்தார்கள். எட்டாவது வாரத்தில் எங்கள் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து அந்தப் பெண் கும்பிட்டுக் கேட்டது: "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேனுங்க. எங்களுக்காகக் குறைச்சுச் சொல்லாதீங்க. குறைச்சுச் சொன்னா எனக்குத்தானுங்க கஷ்டம்."

பாய் நெகிழ்ந்துபோனார். முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.

"பத்துங்க அம்மணி. போதுமுங்களா?"

அடுத்தவர் பத்து. மின்விசிறி அம்மாள், "பத்துக்கு மேல போடக் கூடாதுங்களா கண்ணு?" என்று கேட்டார். நான் மட்டும் நான்கு என்றேன். எல்லோரும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை கும்பிட்டுக் கேட்ட பிறகும் மனமிரங்காதவனைப் பார்க்கும் பார்வை.

நான்கு என்பது உண்மை. ஐந்தாவது வாரத்திலிருந்தே முறுக்கல் தளர்ந்திருந்தது. நான்கு நிமிட அவகாசம் பத்து நிமிடமாகி, சில நாட்களில் கால்மணி நேரமும் ஆகியிருந்தது. கூடவே லேசான தலைச்சுற்றல், பகலில் தூக்கம். இது மருந்தா, மாவா? கல்யாணம் நெருங்க நெருங்க இந்தக் கேள்வி வயிற்றைவிட அதிகமாக என்னை முறுக்கியது. மருந்து என்றால் தைரியமாகப் பலகையில் உட்காரலாம். மாவு என்றால், வெறும் நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஊரார் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "மருந்தேதானுங்க. நேத்து மின்கட்டண முறையைப் பத்திப் பேசிட்டே இருந்தவங்க பாதியில தூங்கிட்டீங்க. நாப்பது வருசத்துல அப்படி நடந்ததே இல்லீங்க. பன்னண்டு வாரம் முடிஞ்ச பொறவும் இது கெடைக்குமான்னு கேட்டுப் பாருங்க."

"பக்கவிளைவுகள் மாவுலயும் வரலாமாம். படிவம் பதினொண்ணாம் பக்கத்துல இருக்கு."

"அப்படின்னா ஒண்ணை ஒடச்சு நாக்குல வெச்சுப் பாத்துட்டாப் போச்சுங்க. மாவு தெரியாதா எனக்கு?"

ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேப்சூல்தான், இரண்டு விரலால் திருகினால் மூடி கழன்றுவிடும். எம்.எல்.ஏ.வுக்கே சீல் உறையைத் திறக்காதவன் நான். விழுங்கிவிட்டு, முறைப்படி விண்ணப்பித்தேன்.

நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். அவசர நிலைகளில் மட்டும் ரகசியத்தை உடைக்கலாம் என்று படிவத்தின் பதினான்காம் பக்கம் சொல்கிறது. தாய்மாமன் பட்டம் கட்டுவது மாற்றி வைக்க முடியாத நிகழ்வு, அதற்கு முகூர்த்த நேரம் குறிக்கப்பட்டுள்ளது, ஆகவே இது அவசர நிலையே என்று வாதிட்டு, கல்யாணப் பத்திரிகையின் நகலை இணைத்தேன். பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. திருமணம் மருத்துவ அவசரநிலை வரையறைக்குள் வராது என்று குழு ஒருமனதாகக் கருதியது. அழைப்பிதழை நேரில் வந்து கொடுத்திருக்கலாமே என்று உறுப்பினர்களில் இருவர் வாய்மொழியாக வருத்தப்பட்டார்களாம். அதைக் கடிதத்தில் எழுதவில்லை, ஒருங்கிணைப்பாளர் பெண் சொன்னது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாலையே உடுமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். காலையில் வெறும் வயிற்றோடு மணவறையில் உட்காருவது என்பது என் திட்டம். ஏதும் உள்ளே போனால்தானே முறுக்கும்? ஐந்து மணிக்குக் குளித்துவிட்டு வெளியே வந்தேன். தங்கையின் மாமியார் காப்பியோடு நின்றார். "வேண்டாமுங்க" என்றேன். "ஏனுங்க, எங்க ஊட்டுக் காப்பி நல்லாருக்காதுங்களா?" என்றார். குடித்தேன். மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார், சம்பந்தி முறையில், இரண்டு கையாலும் ஒரு டம்ளரை நீட்டினார். மறுத்தால் கல்யாணத்துக்கு முன்பே மனஸ்தாபம். மூன்றாவதைக் கொடுத்தது என் சித்தப்பா மகன். புத்தம்புது வேட்டி, தோளில் பட்டுக்கரைத் துண்டு.

"என்னடா, நீயும் தயாரா வந்துட்ட?"

"சும்மா ஒத்தாசைக்குத்தானுங்கண்ணா. குடிங்க, சூடு ஆறிப்போயிரும்."

மூன்று டம்ளர். நான் உள்ளுக்குள் நிமிடங்களை எண்ண ஆரம்பித்தேன்.

மணவறை வழக்கமான இடத்தில் இல்லை. மண்டபத்தின் நடு மேடையை விட்டுவிட்டு, இடதுபுறக் கோடியில், பூத்திரை தொங்கிய ஒரு சின்னக் கதவை ஒட்டி அமைத்திருந்தார்கள். போட்டோக்காரர் வெளிச்சம் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "காத்து நல்லா வருமுங்கண்ணா இந்தப் பக்கம்" என்றாள் தங்கை. பலகையில் உட்கார்ந்தேன். என் பின்னால் ஒரு கை தூரத்தில் சித்தப்பா மகன் சம்மணம் போட்டுக்கொண்டான்.

சடங்குகளை நடத்திய அருமைக்காரர் நிதானமான மனிதர். ஒவ்வொரு முறைக்கும் யாராவது பெரியவரை அழைத்து, அவர் "நீங்களே பண்ணுங்க" என்று சொல்லி, இவர் "இல்லீங்க, நீங்க இருக்கையில நானுங்களா" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் வேலை நடந்தது. அரைமணி நேரம் கழிந்தது. முறுக்கல் ஆரம்பித்தது. மூன்று என்று மதிப்பிட்டேன். பிறகு நான்கு. நான்கோடு உட்கார்ந்திருக்கலாம், எட்டாவது வாரத்திலிருந்து பழக்கம்தான். மாவோ மருந்தோ வேலை செய்கிறது என்று நினைத்தேன். தட்டில் பட்டம் என் முன்னால் வந்துசேர்ந்தது. இன்னும் ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. அப்போது பார்த்து இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட ஆரம்பித்தார்கள். ஐந்து. ஆறு. மூன்றாவது பெரியவரைக் கூப்பிடலாமா என்று யோசனை நடந்தது.

எழுந்தேன்.

ஓடவில்லை. அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் நாட்குறிப்பில் அதற்குக் கட்டம் கிடையாது. பத்து வருடத்தில் முதல் முறையாக ஊரார் முன்னால் எனக்கு நடக்க நேரம் இருந்தது. பூத்திரையை விலக்கிக் கதவுக்குப் பின்னால் போனேன். ஆறடி தூரத்தில் ஒரு கழிவறை. வாளியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் ஒரு தாள்: 'ரிப்பேர். யாரும் உள்ளே போக வேண்டாம்.' என் தங்கையின் கையெழுத்து.

உள்ளே உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். போட்டோக்காரரைப் பகைத்துக்கொண்டு, மணவறையை மூலைக்கு நகர்த்தி, ஒரு கழிவறையைக் காலையிலிருந்து எனக்காகப் பூட்டாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே மேளம் நிற்காமல் கேட்டது. இந்நேரம் தோப்புக்காரன் என் பலகையில் உட்கார்ந்திருப்பான். அதற்குத்தானே புது வேட்டி.

கதவை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள். அவன் குரல்தான்.

"அண்ணா, நானுங்க. அவசரமே இல்லீங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் அரைமணி நேரம் கெடக்குது. மேளக்காரரை நீட்டி வாசிக்கச் சொல்லிப்போட்டேன்."

"நீ இங்க நின்னா அங்க யாருடா உட்கார்ந்திருக்கறது?"

"யாரும் இல்லீங்க. துண்டு போட்டுட்டு வந்திருக்கேன்."

முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, என் பலகையின் மேல் அவனுடைய பட்டுக்கரைத் துண்டு விரித்துக் கிடந்தது. சுற்றியிருந்த இருநூறு பேரும் வெகு அக்கறையாக வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெரியவர்களும் இன்னும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்குள் சமரசம் ஏற்பட்டது.

"மெதுவாவே வந்திருக்கலாமுங்களேண்ணா" என்றாள் தங்கை.

துண்டை மடித்துப் பின்னால் நீட்டினேன். அவன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அருமைக்காரர் தலையசைத்தார். தட்டிலிருந்து பட்டத்தை எடுத்துப் பெண்ணின் நெற்றியில் வைத்து, பின்னால் இழுத்து, இந்த முறை யாராலும் அவிழ்க்க முடியாதபடி முடிச்சுப் போட்டேன்.

"மாமா" என்றாள் அவள், தலையைத் திருப்பாமல். "ரொம்ப வலிக்குதுங்க."

அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன்.